பல்லைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தேன், டாக்டர்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் 16 வருடமாக ஆசிரியையாக இருக்கிறேன். இப்போது ஐந்தாம் வகுப்பு. போன மாதம் இண்டர்வெல்லில், குழாயில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பையனின் தலையில் பின்னால் நின்றவன் விளையாட்டாகத் தட்டிவிட்டான். குழாயில் வாய் மோதி, மேல் முன்பல் ஒன்று முழுசாகக் கழன்று விழுந்துவிட்டது. வாயெல்லாம் ரத்தம். எனக்குக் கை நடுங்கியது. வாய் கொப்பளிக்க வைத்து, பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்தேன். பல்லில் மண் ஒட்டியிருந்ததால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, பேப்பரில் மடித்து வைத்தேன். கொத்து வேலைக்குப் போயிருந்த அப்பா வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. டவுனில் பல் டாக்டர் அந்தப் பல்லையே திரும்ப வைத்துக் கம்பி கட்டியிருக்கிறார். ஆனால், "எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. பாலில் போட்டுக் கொண்டுவந்திருக்கலாமே, ஸ்கூலில் யாருக்கும் இது தெரியாதா?" என்று கேட்டாராம். மறுநாள் அப்பா வந்து, எல்லோர் முன்னாலும் அதையே என்னிடம் கேட்டார். நான் செய்ததில் எது தவறு? விழுந்த பல்லை நாங்களே திரும்ப வைக்கலாமா? வைத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? பள்ளியில் என்னென்ன வைத்திருக்க வேண்டும்?

— ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

குழந்தைகள் பல் மருத்துவரின் பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன், டீச்சர். சோப்புப் போட்டது தவறு. தேய்த்தது தவறு. பேப்பரில் மடித்து உலரவிட்டது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. ஆனால் கீழே விழுந்த எதையும் கழுவித் துடைத்துப் பத்திரமாக மடித்து வைப்பதுதான் நம் கைக்குப் பழகியது. பல் விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் காலை வாரிவிடுகிறது. இதை யாராவது உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியவர்கள் பல் மருத்துவர்களான நாங்கள். அந்த டாக்டர் கேட்ட கேள்வி சரிதான், கேட்ட இடம்தான் தப்பு.

என் கதையையும் கேளுங்கள். கிளினிக் ஆரம்பித்த புதிதில் ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. "சார், ஒரு பொண்ணுக்குப் பல் விழுந்துடுச்சு." "உடனே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். 25 நிமிடத்தில் வந்துவிட்டார்கள். பல் எங்கே என்றால், கூட வந்த ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூ பேப்பர் பொட்டலத்தை எடுக்கிறார். உள்ளே பல், சுண்ணாம்பு மாதிரி காய்ந்துபோய். "பாலில் போட்டுக் கொண்டுவாங்க" என்று சொல்ல எனக்கு இரண்டு வினாடி ஆகியிருக்கும். சொல்லவில்லை. அன்று அந்தப் பல்லைப் பேப்பரில் மடித்தது நான்தான் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, உலர்ந்தால் அப்படி என்ன ஆகிவிடும்? பல் நேராக எலும்பில் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. கயிற்றுக் கட்டிலில் கயிறு தாங்குவதுபோல அந்த நார்கள் பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. பல் கழன்று விழும்போது இந்தப் படலம் கிழிந்து, பாதி எலும்புப் பக்கமும் பாதி வேரின் மேலும் ஒட்டிக்கொள்ளும். வேரின் மேல் இருக்கும் பாதியில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. பார்த்தால் ஏதோ பிசுபிசுப்பு, லேசான சிவப்பு, அவ்வளவுதான். நாம் அழுக்கென்று நினைத்துத் தேய்த்து எடுப்பது பெரும்பாலும் அதைத்தான்.

அந்தச் செல்கள் உயிரோடு திரும்பிப் போனால் நார்கள் மறுபடி பிணைந்துகொள்ளும். காற்றில் உலர்ந்தால் 30 நிமிடத்தில் பெரும்பாலானவை செத்துவிடும். ஒரு மணி நேரம் தாண்டினால் மீள வாய்ப்பில்லை என்றே நாங்கள் கணக்கு வைத்துக்கொள்கிறோம். நார்ப் படலம் இல்லாமல் வேர் எலும்போடு நேராக ஒட்டினால், உடம்பு அந்த வேரையும் எலும்பு என்றே எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அந்த இடத்தில் எலும்பை நிரப்பிவிடும். வளரும் பிள்ளைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தாடை வளர வளரப் பக்கத்துப் பற்கள் கீழே இறங்கும், ஒட்டிப்போன பல் மட்டும் மேலேயே நின்றுவிடும். இரண்டு மூன்று வருடத்தில் அந்தப் பல் மட்டும் குட்டையாகத் தெரியும்.

அதனால் இந்தக் காயத்தில் மட்டும் முக்கியமான வைத்தியம் என் நாற்காலியில் நடப்பதில்லை. உங்கள் குழாயடியில், முதல் அரை மணி நேரத்தில் நடக்கிறது. நான் எவ்வளவு படித்திருந்தாலும், காய்ந்துபோய் வந்த வேருக்கு உயிர் கொடுக்க என்னிடம் மருந்து கிடையாது.

இனி, அன்றைக்கு என்ன செய்திருக்கலாம் என்று பார்ப்போம். அடுத்த முறைக்காகத்தான் சொல்கிறேன்.

முதலில் பையனைப் பாருங்கள், பல்லை அப்புறம் பார்க்கலாம். மயங்கினானா, வாந்தி எடுத்தானா, தூங்கி வழிகிறானா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறானா, காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல ஏதாவது வடிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அது தலைக்காயம். 108-ஐக் கூப்பிடுங்கள். மோவாய் தரையில் இடித்து விழுந்த பிள்ளை வாயைத் திறக்க முடியவில்லை என்றாலோ, "பல்லு சேரமாட்டேங்குது டீச்சர்" என்றாலோ தாடை எலும்பு உடைந்திருக்கலாம். அதுவும் ஆஸ்பத்திரிக் கேஸ்தான். இதெல்லாம் இல்லையென்றால் உட்கார வையுங்கள், தலை லேசாக முன்னால் குனிந்திருக்கட்டும். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் போய், பிள்ளை விழுங்கி, பிறகு வாந்தி எடுக்கும்.

நீங்கள் பையனைப் பார்க்கும்போதே இன்னொருவர் பல்லைத் தேடட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் மணலைச் சலித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் எடுக்கும்போது பளபளப்பான பக்கத்தைத்தான் பிடிக்க வேண்டும், வேரைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால் அதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பல் உதட்டுக்குள் சொருகியிருக்கலாம், ஈறுக்குள்ளேயே முழுசாக ஏறியிருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். பல் காணாமல் போன பிள்ளை இருமிக்கொண்டே இருந்தால் காத்திருக்காதீர்கள்.

பல் கையில் கிடைத்ததும் ஒரு கேள்வி: இது பால் பல்லா, நிலைப்பல்லா? நம் ஊரில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்து வளர்ந்தவர்கள் நாம். "விழுந்தா விழுந்துட்டுப் போகுது, முளைச்சுடும்" என்பது பால் பல்லுக்கு மட்டும் பொருந்தும் வார்த்தை. மேல் முன்பற்களில் நடுவே இருக்கும் இரண்டும் 7, 8 வயதிலும், அவற்றுக்குப் பக்கத்தில் இருப்பவை 8, 9 வயதிலும் நிலைப்பல்லாக முளைக்கின்றன. உங்கள் கணக்கில் சொன்னால், ஒன்றாம் வகுப்பில் மேல் முன்பல் பெரும்பாலும் பால் பல். இரண்டாம் வகுப்பில் இரண்டும் கலந்திருக்கும். மூன்றாம் வகுப்பைத் தாண்டிவிட்டால் நடு இரண்டும் அநேகமாக நிலைப்பல். கையில் வைத்துப் பார்த்தாலும் தெரியும். நிலைப்பல் பெரியது, வேரோடு சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் வரும். புதிதாக முளைத்ததாக இருந்தால் விளிம்பில் ரம்பம்போல மூன்று சின்ன மேடுகள் இருக்கும். பால் பல் குட்டை, பால் வெள்ளை. தானாக ஆடி விழுந்ததென்றால் அதில் வேரே இருக்காது.

பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது. அதற்கு மேலே எலும்புக்குள் நிலைப்பல்லின் முளை உட்கார்ந்திருக்கிறது, அதை இடித்துவிடுவோம். சந்தேகம் வந்தால் எதுவும் வைக்க வேண்டாம், பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

நிலைப்பல்தான் என்று தெரிந்தால்? உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆமாம், நீங்களே வைக்கலாம். வைப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்த முதலுதவி. 5 நிமிடத்துக்குள் தன் குழிக்குப் போய்ச் சேர்ந்த பல்லுக்கு இருக்கும் வாய்ப்பு வேறு எதற்கும் இல்லை. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் ஒரு 10 வினாடி காட்டி எடுங்கள், போதும். சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டாம், பிரஷ் வேண்டாம், புடவைத் தலைப்பும் வேண்டாம். பிறகு பக்கத்துப் பல்லைப் பாருங்கள். உப்பலாக, வழவழப்பாக இருக்கும் பக்கம் உதட்டைப் பார்த்து வர வேண்டும். அதே நிலையில் பல்லைக் குழிக்குள் மெதுவாக இறக்குங்கள். பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பல்லுக்குச் சமமாக நிற்கும். தடுத்தால் முரட்டுத்தனமாக அழுத்த வேண்டாம், அதோடு விட்டுவிடுங்கள். நின்றுவிட்டால் சுத்தமான கைக்குட்டையை மடித்துக் கொடுத்து, கடித்தபடியே டாக்டரிடம் வரச் சொல்லுங்கள். கொஞ்சம் கோணலாக வைத்துவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் நேர் செய்துகொள்வோம். உலர்ந்த பல்லைத்தான் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

வலிக்காதா என்று கேட்பீர்கள். காயம்பட்ட முதல் சில நிமிடங்களில் அந்த இடம் மரத்ததுபோல இருக்கும், பிள்ளைகள் நாம் பயப்படுவதைவிட நன்றாகவே தாங்குகிறார்கள். தாங்க முடியாமல் திமிறுகிற பிள்ளைக்கு வற்புறுத்தி வைக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கிற பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை, இதய நோய் உள்ள பிள்ளை, எதிர்ப்பு சக்தி குறைக்கும் மருந்து சாப்பிடுகிற பிள்ளை, இவர்களுக்கும் வைக்க வேண்டாம். உங்களுக்கே தைரியம் வரவில்லையா, அதுவும் சரிதான். எல்லோராலும் முடியாது. அப்போதுதான் பால்.

பால் ஏன் என்றால், அதன் உப்புச் செறிவு நம் உடம்புத் திரவத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், புளிப்பும் இல்லை, செல்லுக்கு வேண்டிய சத்தும் கொஞ்சம் இருக்கிறது. அதில் செல்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வெறும் தண்ணீரில் அதே செல்கள் ஊறி உப்பி வெடித்துவிடும். ஆனால் வேறு எதுவுமே இல்லாத இடத்தில், காற்றில் காயவிடுவதைவிடத் தண்ணீரே மேல். பால் கிடைக்காவிட்டால் பையனையே ஒரு டம்ளரில் எச்சில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடலாம். கன்னத்துக்குள் அடக்கி வைத்துக்கொண்டு வரச் சொல்வது பெரிய பிள்ளைகளுக்குச் சரி. ஐந்தாம் வகுப்புப் பையன் அழுகிற அழுகையில் விழுங்கிவிடுவான்.

இளநீர் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். நம் நாட்டில் அதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நல்லது என்று சொன்ன ஆய்வும் உண்டு, பால் அளவுக்கு வராது என்று சொன்ன ஆய்வும் உண்டு. இளநீர் கொஞ்சம் அமிலத்தன்மை உடையது என்பதால், பால் கிடைக்கும்போது இளநீரைத் தேட வேண்டாம் என்பது என் கருத்து.

பள்ளியில் பால் எங்கே இருக்கிறது? சத்துணவுக் கூடத்தில் முட்டை இருக்கும், பருப்பு இருக்கும், பால் இருக்காது. ஆனால் பள்ளிக்கு எதிரே ஒரு டீக்கடை இல்லாத ஊர் உண்டா? சில வருடம் முன்பு ஒரு பி.டி. மாஸ்டர், கபடியில் பல் விழுந்த 12 வயதுப் பெண்ணைத் தன் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கூட்டி வந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய தோழியின் கையில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. திறந்தால் பாலில் பல் கிடக்கிறது. டீக்கடைக்காரர் முதலில் பாய்லர் பக்கத்துச் சட்டியிலிருந்து கொதிக்கிற பாலை மொண்டாராம். மாஸ்டர் தடுத்து, "அது வேண்டாம், பாக்கெட் ஒண்ணு வெட்டுங்க" என்று ஆவின் பாக்கெட்டைப் பிரிக்க வைத்திருக்கிறார். "சர்க்கரை போடவா சார்?" என்று வேறு கேட்டாராம் கடைக்காரர். விழுந்து 20 நிமிடம், அதில் பாலுக்குப் போகுமுன் வெளியே இருந்தது 5 நிமிடம். அந்தப் பெண் இன்று கல்லூரியில் படிக்கிறாள், அதே பல்லோடு. மாஸ்டருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அவர் முன்பு வேலை பார்த்த பள்ளியில் யாரோ ஒரு பல் டாக்டர் பத்து நிமிடம் பேசினாராம். பத்தே நிமிடம்.

அந்தக் கொதிக்கிற பால் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சூடான பாலில் செல்கள் வெந்துவிடும். காய்ச்சாத, குளிர்ந்த பாக்கெட் பால்தான் வேண்டும். தயிர், மோர் ஆகாது.

பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள். இந்தப் பயம்தான் பல ஆசிரியர்களின் கையைக் கட்டிப்போடுகிறது என்பது எனக்குத் தெரியும். நான் வக்கீல் இல்லை. ஆனால் நல்லெண்ணத்தோடு, ஒருவரின் நன்மைக்காக அவசரத்தில் செய்த உதவியைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது என்ற பாதுகாப்பு பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. விழுந்த பல்லைத் திரும்ப வைப்பது ஆபரேஷன் அல்ல, முதலுதவி. பன்னாட்டுப் பல் காய மருத்துவச் சங்கத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெற்றோர், ஆசிரியர் உட்பட அந்த இடத்தில் இருப்பவர் யாரானாலும் இதைச் செய்யலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் சட்டத்தைவிட ஒரு போன் உங்களுக்கு அதிகம் உதவும். ஸ்பீக்கரில் போட்டு, எச்.எம். பக்கத்தில் நிற்க, "பல்லைத் திரும்ப வைத்தால் பிழைக்கும், வைக்கட்டுமா?" என்று அப்பாவிடம் கேளுங்கள். அவர் எடுக்கவில்லையா, பாலில் போட்டுவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். வருடத் தொடக்கத்தில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, பெற்றோரிடம் ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளியில் இந்தத் தயக்கமே வராது.

இன்னொன்று. பெற்றோர் வரட்டும் என்று காத்திருந்ததில்தான் உங்கள் பையனின் ஒன்றரை மணி நேரம் போனது. அடுத்த முறை பிள்ளையை யாராவது ஒருவர் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அப்பாவை நேராக டாக்டரிடம் வரச் சொல்லுங்கள். கிளம்பும்போது ஒரு தாளில் மூன்றே வரி எழுதிக் கொடுங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்குப் பாலில் போட்டது, தரை மண்ணா சிமெண்டா. எந்தச் சிகிச்சை என்று முடிவெடுக்க நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான். அழுதுகொண்டு வரும் அம்மாவால் பெரும்பாலும் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. 10 வயதில் போடும் டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டாயிற்றா என்பதையும் கேட்டு எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

பல் முழுசாகக் கழன்று விழுவது எப்போதாவது நடப்பது. உங்கள் பள்ளியில் அடிக்கடி பார்க்கப்போவது பல் முனை உடைவதை. உடைந்த துண்டைத் தேடி எடுங்கள், அதைத் தண்ணீரில் போட்டு வைத்தால்கூடப் போதும். பல நேரம் அதே துண்டைப் பசை வைத்து ஒட்டிவிடுகிறோம், ஒட்டியது தெரியாது. துண்டு கிடைக்கவில்லை, உதடும் கிழிந்திருக்கிறது என்றால் உதட்டுக்குள் தடவிப் பாருங்கள், உள்ளே இருக்கலாம். உடைந்த இடத்தின் நடுவில் குண்டூசி முனை அளவு சிவப்பாகத் தெரிந்தால் நரம்பு திறந்துகொண்டது என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். முளைத்து ஓரிரு வருடம்தான் ஆன பல்லில் வேர் இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது. அந்த நரம்பை உயிரோடு காப்பாற்றினால்தான் வேர் வளர்ந்து முடியும்.

பல் இடம் மாறி நின்றால் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே ஏறிப்போன பல்லைக் குச்சி வைத்து நெம்பி எடுக்கப் பார்த்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் வாய்க்குள் அப்ப வேண்டாம். சுத்தமான துணியை வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும். உதடு வீங்கினால் துணியில் சுற்றிய ஐஸை வெளியிலிருந்து ஒத்தலாம்.

அடிபட்டும் ஒன்றுமே ஆகாததுபோல இருக்கும் பல்லும் உண்டு. பையன் வீட்டில் சொல்லமாட்டான், திட்டு விழும். மூன்று மாதம் கழித்துப் பல் சாம்பல் நிறத்துக்கு மாறும். அப்போதும் பாட்டி, "மேல் பல்லுல கை வச்சா கண்ணு போயிடும்" என்று டாக்டரிடம் அனுப்பமாட்டார். கண்ணுக்கும் பல்லுக்கும் அப்படி எந்தச் சம்பந்தமும் இல்லை. வகுப்பில் எதிரே நின்று பிள்ளைகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள். கறுத்த முன்பல்லை அம்மாவுக்கு முன்னால் பல நேரம் நீங்கள்தான் பார்ப்பீர்கள். ஒரே பிள்ளை அடிக்கடி வாயில் காயத்தோடு வந்து, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொன்னால், அதையும் கவனியுங்கள்.

முதலுதவிப் பெட்டியில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். கையுறை, சுத்தமான காஸ் துணி, ஒரு சின்ன டார்ச், இறுக்கமான மூடி உள்ள சின்ன டப்பா, 100 மில்லி நார்மல் சலைன் பாட்டில் ஒன்று. மருந்துக் கடையில் "குளுக்கோஸ் பாட்டில்" என்று கேட்டுவிடாதீர்கள், சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துவிடுவார்கள். "என்.எஸ்." என்று கேளுங்கள். ஒரு முறை திறந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். சலைன், பால் அளவுக்கு நல்லதல்ல. டீக்கடைக்கு ஆள் ஓடித் திரும்பும்வரை அதில் போட்டு வைக்கலாம். ஜெர்மனியில் பல பள்ளிகளில் பல்லைப் போட்டு வைப்பதற்கென்றே செல் காக்கும் திரவம் நிரப்பிய பெட்டி வைத்திருக்கிறார்கள். நமக்கு இப்போதைக்கு ஆவின் போதும். பெட்டி மூடியின் உள்பக்கம் பக்கத்துப் பல் மருத்துவர் ஒருவர், அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவு, இரண்டு நம்பரையும் ஒட்டி வையுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பல் டாக்டர் இருக்கிறாரா, எந்தக் கிழமை வருகிறார் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொண்டால் அன்றைக்கு அலைய வேண்டாம். செல்போனில் டூத் எஸ்.ஓ.எஸ். என்ற இலவசச் செயலி இருக்கிறது, நான் மேலே சொன்ன அதே பன்னாட்டுச் சங்கம் வெளியிட்டது. படங்களோடு இருப்பதால் பதற்றத்தில் பார்க்கவும் வசதி.

இதை நீங்கள் மட்டும் தெரிந்துவைத்திருந்து பயனில்லை. அன்று நீங்கள் லீவில் இருந்திருந்தால்? உலக அளவில் பள்ளிப் பிள்ளைகளில் 25 சதவீதம் பேருக்குப் பல்லில் ஏதாவது ஒரு காயம் படுகிறது என்று அந்தச் சங்கம் சொல்கிறது. வகுப்புக்கு 40 பிள்ளைகள் என்றால் 10 பேர். ஆனால் பள்ளிக்கு முகாம் என்று வரும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? சொத்தைப் பல்லை எண்ணுகிறோம், பேஸ்ட்டும் பிரஷ்ஷும் கொடுக்கிறோம், வரிசையில் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறோம். ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவது அபூர்வம். இந்தியாவில் பல ஊர்களில் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்த ஆய்வுகள் கிட்டத்தட்ட எல்லாமே, பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது என்றே முடிகின்றன. தெரியாது என்று அளந்து எழுதப் போன நேரத்தில் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஆகவே நீங்களே கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து முகாமுக்கு வந்தால், "பிள்ளைகளைப் பார்த்தாச்சு, எங்களுக்கு ஒரு பதினைந்து நிமிடம் பல் காயம் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பேசச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்து டவுன் டாக்டர் மறுக்கமாட்டார். செய்முறைக்கு ஒரு சாக்பீஸும் கொஞ்சம் களிமண்ணும் போதும். களிமண்ணில் சாக்பீஸால் குழி செய்து, வெளியே எடுத்து, மறுபடி அதே குழியில் விரல் நுனியால் இறக்கிப் பாருங்கள். எவ்வளவு குறைந்த அழுத்தம் போதும் என்பது விரலுக்குப் புரிந்துவிடும். பி.டி. மாஸ்டரும், சத்துணவு அக்காவும் அதில் கட்டாயம் இருக்கட்டும். இண்டர்வெல்லில் குழாயடிக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

குழாயடி என்றதும் ஞாபகம் வருகிறது. பித்தளைக் குழாயில் வாய் வைத்துக் குடிக்காமல், டம்ளரில் பிடித்துக் குடிக்கும் பழக்கம் வந்தாலே இந்த வகைக் காயம் குறையும். அந்தச் சிமெண்டுத் தரையில் பாசி படியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேல் முன்பல் தூக்கலாக, உதடு மூடாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அப்படி ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், கிளிப் போடுவது அழகுக்கு மட்டுமல்ல என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இனி உங்கள் பையனுக்கு வருவோம். ஒன்றரை மணி நேரம் காய்ந்த பல்லையும் அந்த டாக்டர் திரும்ப வைத்தது சரியான முடிவு. என்னிடம் வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த நார்கள் பிழைத்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பல் அங்கே நிற்கும்வரை அந்த இடத்து எலும்பு சுருங்காமல் இருக்கும், பையனும் வாயை மூடிக்கொள்ளாமல் சிரிப்பான். ஒட்டிப்போய்க் குட்டையாகத் தெரிய ஆரம்பித்தால் அப்போது செய்ய வழிகள் உண்டு. வளர்ச்சி முழுசாக முடியுமுன் யாராவது இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) போடலாம் என்று சொன்னால் மட்டும் இன்னொரு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் பேசுங்கள். அன்று உங்களுக்குத் தெரியாது, இப்போது தெரியும் என்று அப்படியே சொல்லலாம். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓடி வந்த மனிதர். கோபம் உங்கள்மேல் இருந்ததைவிட அந்த ஒன்றரை மணி நேரத்தின்மேல்தான் அதிகம் இருந்திருக்கும். பேச்சோடு பேச்சாக மறு பரிசோதனை பற்றிக் கேளுங்கள், அங்கேதான் எங்கள் நோயாளிகள் பெரும்பாலும் நழுவிவிடுகிறார்கள். கம்பியை இரண்டு வாரத்தில் எடுத்திருப்பார்கள். வேர் முழுசாக வளர்ந்திருந்தால் அதே இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் தொடங்கியிருக்க வேண்டும், நடந்ததா என்று விசாரியுங்கள். பிறகு ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், அதற்குப் பின் வருடத்துக்கு ஒரு முறை என்று குறைந்தது ஐந்து வருடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். நல்லவேளை உங்களுடையது நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்புவரை பையன் உங்கள் கண்ணில் படுவான். தேதிகளை உங்கள் டைரியிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகும்போது, டி.சி.யோடு அந்தத் தேதிகளை எழுதிய ஒரு சீட்டையும் கொடுத்து அனுப்புங்கள்.